நூறு புளியங்கொட்டையில் பேஜ்ரேங்க்: இணையப் பக்கத்தின் எடையை நீங்களே கணக்குப் போட ஒரு முழுமையான வழிகாட்டி

தளம் வைத்திருப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "என் பக்கத்துக்கு எத்தனை லிங்க் இருந்தால் கூகுளில் மேலே வரும்?" என்பதுதான். இதற்கு ஒரு எண்ணைச் சொல்லி, அந்த எண்ணுக்கு ஒரு விலையையும் சொல்லி, பணம் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தேடுபொறி தலையை எண்ணி எடை போடுவதில்லை. லிங்க் கொடுத்தவர் யார், அவருக்கே எவ்வளவு எடை இருக்கிறது, அந்த எடையை இன்னும் எத்தனை பேருக்குப் பங்கு வைக்கிறார் என்ற மூன்றையும் சேர்த்துத்தான் போடுகிறது. இந்தக் கணக்குக்குப் பெயர்தான் பேஜ்ரேங்க். இதை எத்தனை தடவை வாயால் சொன்னாலும் மனதில் நிற்பதில்லை, ஒரே ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்தால் மறப்பதும் இல்லை. போன கோடை விடுமுறையில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகும் அக்கா மகனுக்குத் திண்ணையில் சாக்பீஸால் ஐந்து வட்டம் வரைந்து, நூறு புளியங்கொட்டையை வைத்து இதைச் சொல்லிக்கொடுத்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. அதையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன், கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்

"இட்லி மாவு புளிக்கவில்லை" என்று ஒருவர் தேடுகிறார். அந்தச் சொற்கள் உள்ள பக்கங்கள் எவை என்பது ஒரு கேள்வி, அது பொருத்தம். அப்படிக் கிடைத்த ஆயிரக்கணக்கான பக்கங்களில் எதை முதலில் காட்டுவது என்பது வேறு கேள்வி, அதில் ஒரு பங்குதான் முக்கியத்துவம். நாம் கணக்கிடப் போவது இந்த முக்கியத்துவத்தை. யார் என்ன தேடினாலும் இந்த எண் மாறாது, தேடுவதற்கு முன்னாடியே கணக்குப் போட்டு வைத்துவிடலாம் என்பதுதான் இதன் வசதி.

1990-களின் தேடுபொறிகள் முதல் கேள்வியில்தான் பெரும்பாலும் நின்றன. சொல் எத்தனை முறை வருகிறது என்று பார்த்தன. அதனால் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரே சொல்லை நூறு முறை எழுதி வைத்தவர்கள் மேலே வந்தார்கள். ஒரு பக்கம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதை நம்பினால் இப்படித்தான் ஆகும். மற்றவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஆய்வுலகத்தில் இந்தப் பழக்கம் முன்பே இருந்தது. எந்தக் கட்டுரையை எந்தக் கட்டுரை மேற்கோள் காட்டுகிறது என்று தொகுக்கும் அட்டவணையை 1960-களிலேயே யூஜின் கார்ஃபீல்டு கொண்டுவந்துவிட்டார். லிங்க் என்பதும் ஒருவகை மேற்கோள்தானே என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1996 வாக்கில் இறங்கி வேலை பார்த்தார்கள். அப்போது அவர்களுடைய தேடுபொறிக்குப் பெயர் பேக்ரப். பேஜ்ரேங்க் என்பதில் உள்ள பேஜ், லாரி பேஜின் பெயர். 1998 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நடந்த உலகளாவிய வலை மாநாட்டில் தங்கள் கட்டுரையை முன்வைத்தார்கள், நாம் போடப் போகும் கணக்கு அதில் இருப்பதுதான்.

படி 1: படம் வரையுங்கள்

ஐந்து வட்டம் போடுங்கள். அ என்பது ஒரு செய்தித் தளம். ஆ, சமையல் குறிப்புத் தளம். இ, கிரைண்டர் விற்கும் கடையின் தளம். ஈ, ஒருவர் எழுதும் சமையல் வலைப்பூ. உ, நேற்றுத் தொடங்கிய புதுத் தளம். இப்போது யார் யாருக்கு லிங்க் கொடுத்திருக்கிறார் என்று அம்புக்குறி போடுங்கள்:

அ, ஆ-வுக்கு மட்டும்.
ஆ, அ-வுக்கும் ஈ-க்கும்.
இ, அ-வுக்கு.
ஈ, இ-க்கு.
உ, இ-க்கு.

உ-வுக்கு யாருமே கொடுக்கவில்லை. ஆ-வுக்கு வருவது ஒரே ஒரு லிங்க், இ-க்கு வருவது இரண்டு. ஆ-வா இ-யா, எது பெரிய ஆள் என்று கணக்குப் போடுவதற்கு முன்னாலேயே ஊகித்து ஒரு ஓரத்தில் எழுதி வையுங்கள்.

நிஜத்தில் இந்தப் படத்தை வரைவது கிராலர் என்ற மென்பொருள். ஒரு பக்கத்தைத் திறக்கும், அதிலுள்ள லிங்க்குகளைக் குறித்துக்கொள்ளும், அவை ஒவ்வொன்றாகத் திறக்கும், இப்படியே போய்க்கொண்டே இருக்கும்.

படி 2: கொட்டையைப் பிரித்து வையுங்கள்

யார் பெரியவர் என்று இன்னும் தெரியாது, அதனால் ஆளுக்கு 20. மொத்தம் 100. நடுவில் ஒரு காலி டப்பா வையுங்கள், அது எதற்கு என்பது சீக்கிரமே தெரியும்.

படி 3: ஒரு சுற்று ஓட்டுங்கள்

விதி இதுதான். ஒவ்வொரு வட்டமும் தன்னிடம் உள்ளதில் 15 சதவீதத்தை டப்பாவில் போட வேண்டும். மீதி 85 சதவீதத்தைத் தன் அம்புக்குறிகள் வழியாகச் சமமாகப் பிரித்து அனுப்ப வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும், முதலில் வந்ததை எடுத்து உடனே அனுப்பக் கூடாது. கடைசியில் டப்பாவைத் திறந்து, அதிலுள்ளதை ஐந்து பேருக்கும் சமமாகக் கொடுங்கள். டப்பாவில் எப்போதும் 15 இருக்கும், ஆகவே ஆளுக்கு 3. அரைக்கொட்டை, கால்கொட்டை வந்தால் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் சுற்றில் ஆளுக்கு 3 டப்பாவுக்குப் போனது போக 17 நகர்கிறது. அ தன் 17-ஐ அப்படியே ஆ-வுக்குத் தருகிறது. ஆ-வுக்கு இரண்டு அம்பு என்பதால் அ-வுக்கு 8.5, ஈ-க்கு 8.5. இ-யின் 17 அ-வுக்கு. ஈ-யின் 17, உ-வின் 17, இரண்டும் இ-க்கு. டப்பாவிலிருந்து ஆளுக்கு 3 சேர்த்தால்:

அ 28.5, ஆ 20, இ 37, ஈ 11.5, உ 3.

கூட்டிப் பாருங்கள், 100 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ தப்பு செய்திருக்கிறீர்கள், அடுத்த சுற்றுக்குப் போகாதீர்கள்.

இந்த இடத்தில் அக்கா மகன், "மாமா, கிரைண்டர் கடைதான் ஜெயிச்சிருச்சு" என்றான். பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது, இரண்டு லிங்க் வாங்கிய இ 37-இல் நிற்கிறது. எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவர்கள் நின்றுவிடுவதும் சரியாக இதே முதல் சுற்றில்தான். எல்லாரையும் சமம் என்று வைத்துக்கொண்டதால் வந்த விடை இது. இப்போது யாரும் சமம் இல்லை, இல்லையா? இ-க்கு லிங்க் கொடுத்த உ-வின் கையில் இருப்பது வெறும் 3.

படி 4: திரும்பத் திரும்ப ஓட்டுங்கள்

அதே விதிப்படி இரண்டாவது சுற்று: அ 42.95, ஆ 27.23, இ 15.33, ஈ 11.5, உ 3. ஒரே சுற்றில் கடையின் எடை 37-லிருந்து 15-க்கு இறங்கிவிட்டது. மூன்றாவது சுற்றில் அ 27.6, ஆ 39.5, இ 15.3, ஈ 14.6, உ 3. நான்காவதில் அ 32.8, ஆ 26.5, இ 17.9, ஈ 19.8, உ 3.

தூக்கிக் கட்டிய தராசு மாதிரி அ-வும் ஆ-வும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், ஆனால் ஆட்டம் குறைந்துகொண்டே வரும். கையால் நான்கு சுற்று போதும், அதற்கு மேல் ஒரு விரிதாளில் போடுங்கள், எக்செல்லோ கூகுள் ஷீட்ஸோ எதுவானாலும் சரி. முதல் நிரலில் ஐந்து பெயர், இரண்டாவது நிரலில் ஐந்து 20. மூன்றாவது நிரலில் ஒவ்வொரு வரிசைக்கும் சூத்திரம்: அ-வுக்கு, 3 கூட்டல் 0.85 பெருக்கல் அடைப்புக்குள் ஆ-வில் பாதியும் இ முழுதும். ஆ-வுக்கு, 3 கூட்டல் 0.85 பெருக்கல் அ. இ-க்கு, 3 கூட்டல் 0.85 பெருக்கல் அடைப்புக்குள் ஈ-யும் உ-வும். ஈ-க்கு, 3 கூட்டல் 0.85 பெருக்கல் ஆ-வில் பாதி. உ-வுக்கு வெறும் 3. இந்த நிரலைப் பிடித்து வலப்பக்கமாக 40 நிரலுக்கு இழுத்துவிடுங்கள். ஒவ்வொரு நிரலும் ஒரு சுற்று. கடைசியில் எண்கள் அசையாமல் நிற்கும் இடம்:

அ 32, ஆ 30.2, இ 19, ஈ 15.8, உ 3.

முன்னால் எழுதி வைத்த ஊகத்தை இப்போது எடுத்துப் பாருங்கள். ஒரே ஒரு லிங்க் வாங்கிய ஆ-வுக்கு 30.2, இரண்டு வாங்கிய இ-க்கு 19. ஆ-வின் ஒரு லிங்க் அ-விடமிருந்து வந்தது, அதுவும் அ வேறு யாருக்கும் பங்கு வைக்காமல் முழுதாகக் கொடுத்தது.

ஆரம்பத்தில் ஆளுக்கு 20 என்று வைத்தோமே, அதை மாற்றினால் விடை மாறுமா என்று கேட்பீர்கள். நூறையும் உ-விடமே கொடுத்து ஓட்டிப் பாருங்கள். முதல் சில சுற்றுகள் தாறுமாறாக இருக்கும், ஆனால் நிற்கும் இடம் இதேதான். நேரியல் இயற்கணிதம் படித்தவர்களுக்கு இது ஐகன் வெக்டர் என்று தெரிந்திருக்கும், படிக்காதவர்கள் விரிதாளை நம்பினால் போதும். 1998-இல் ஸ்டான்ஃபோர்டு குழு 32.2 கோடி லிங்க்குகள் கொண்ட படத்தை ஓட்டியபோது சுமார் 52 சுற்றுகளில் நின்றுவிட்டது, அதில் பாதி அளவுள்ள படத்துக்கு 45 சுற்று. படம் இரண்டு மடங்கானாலும் கூடுதலாக ஏழே சுற்று என்பதால்தான் முழு இணையத்துக்கும் இதைப் போட முடிகிறது. எனக்கு இந்தக் கணக்கில் இன்றைக்கும் ரொம்பப் பிடித்த இடம் இது.

படி 5: டப்பாவை எடுத்துவிட்டுப் பாருங்கள்

டப்பா எதற்கு? இணையத்தில் கண்போன போக்கில் லிங்க்கை அழுத்திக்கொண்டே போகும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நூற்றுக்கு 85 முறை எதிரே உள்ள லிங்க்குகளில் ஒன்றை அழுத்துகிறார். மீதி 15 முறை சலித்துப்போய், எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்கோ ஒரு பக்கத்துக்குத் தாவுகிறார். அந்தத் தாவல்தான் டப்பா. அவர் ஒரு நாள் முழுக்க இப்படியே அலைந்தால் எந்தப் பக்கத்தில் எத்தனை சதவீதம் நேரம் இருப்பார் என்பதுதான் நாம் கண்டுபிடித்த எண்கள்.

தாவல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க, ஆ-விலிருந்து ஈ-க்குப் போகும் அம்பை அழித்துவிட்டு, டப்பா இல்லாமல் முழுக் கொட்டையையும் நகர்த்துங்கள். முதல் சுற்றில் அ 40, ஆ 20, இ 40. இரண்டாவதில் அ 60, ஆ 40, மற்ற மூவரும் காலி. மூன்றாவதில் அ 40, ஆ 60. பிறகு ஆயுசுக்கும் இந்த இரண்டு பேரும் 60-ஐயும் 40-ஐயும் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள், நிற்கவே நிற்காது. ஒருவரையொருவர் மட்டும் காட்டிக்கொள்ளும் இரண்டு பக்கங்கள் ஊரில் உள்ள எடை முழுவதையும் உறிஞ்சிவிடுகின்றன. டப்பாவைத் திரும்ப வைத்தால் அதே படம் அ 44.8, ஆ 41.1, இ 8.1, ஈ 3, உ 3 என்று அடங்கி நிற்கும். அப்போதும் இரண்டு பேருக்கும் நிறையத்தான் இருக்கிறது, இதைக் கவனித்து வையுங்கள், ஏமாற்று வேலை இங்கேதான் பிறக்கிறது.

படி 6: முட்டுச்சந்து

பழைய படத்துக்கு வாருங்கள். அ-வின் ஒரே அம்பையும் அழித்தால், டப்பாவில் போட்டது போக மீதி 17-ஐ எங்கே அனுப்புவது? வழியில்லை. அந்த 17 காணாமல் போய் மொத்தம் 83 ஆகிவிடும், ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் ஒழுகும். லிங்க் இல்லாத பிடிஎஃப், படக்கோப்பு, இன்னும் கிராலர் திறக்காத பக்கம் எல்லாமே இப்படிப்பட்ட முட்டுச்சந்துகள். ஸ்டான்ஃபோர்டு குழுவினர் முதலில் இவற்றைப் படத்திலிருந்து எடுத்துவிட்டுக் கணக்கு முடிந்தபின் சேர்த்தார்கள். அவற்றின் பங்கை எல்லாருக்கும் சமமாகக் கொடுத்துவிடுவது இன்னொரு வழி, கையால் போடும்போது அதுதான் எளிது.

படி 7: கடைக்காரர் லிங்க் வாங்கினால்?

இந்த வழிகாட்டியை நான் எழுதுவதே இந்தப் படிக்காகத்தான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

இ-யின் எடை 19. கடைக்காரர் பணம் கொடுத்து 10 பொம்மைப் பக்கங்களைப் போடச் சொல்கிறார், பத்தும் இ-க்கு மட்டும் லிங்க் கொடுக்கின்றன, அவற்றுக்கு யாரும் லிங்க் கொடுக்கவில்லை. இப்போது பக்கங்கள் 15, டப்பாவிலிருந்து ஆளுக்கு 3 வந்தது 1-ஆகக் குறைகிறது. ஓட்டினால் இ 20.7-இல் நிற்கிறது. பத்து லிங்க் வாங்கி ஏறியது 1.7. பத்து போதாது, ஒரு லட்சம் போடலாமா? போட்டுப் பார்த்தேன், 21.6-ஐத் தாண்டவில்லை, ஏனென்றால் பொம்மைகள் எத்தனை இருந்தாலும் டப்பாவில் இருப்பது 15 தான், அதைத்தான் எல்லாரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

பொம்மை எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். பழைய ஐந்து பக்கப் படத்தில், செய்தித் தளமான அ, கிரைண்டர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி இ-க்கு ஒரு லிங்க் கொடுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆ-வுக்குக் கொடுத்ததும் அப்படியே இருக்கட்டும், இரண்டு பேருக்கும் பாதிப் பாதி. இ இப்போது 30.5.

ஒரே லிங்க், 19-லிருந்து 30.5. ஒரு லட்சம் லிங்க், 19-லிருந்து 21.6.

எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் 500 லிங்க்குக்குப் பணம் கட்டிவிட்டு அந்தப் பட்டியலை என்னிடம் காட்டினார். நான்கைந்தைத் திறந்து பார்த்தோம். ஒவ்வொரு பக்கத்திலும் இருநூறு முன்னூறு கடைகளுக்கு லிங்க், செருப்புக் கடையும் பல் மருத்துவரும் பக்கத்துப் பக்கத்தில். அந்தப் பக்கத்துக்கு யாராவது லிங்க் கொடுத்திருக்கிறார்களா என்று தேடினால் ஒருவரும் இல்லை. ஒன்றுமில்லாததை முன்னூறாகப் பிரித்து இவருக்கு ஒரு பங்கு. அவர் முகம் வாடியதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது, அது அவர் ஒரு மாதம் கடையில் உட்கார்ந்து சம்பாதித்த காசு.

சரி, அப்படியானால் ஏமாற்றவே முடியாதா? முடியும், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். இ தன் அம்பை அ-விடமிருந்து பிடுங்கி, தன் பத்துப் பொம்மைகளுக்கு மட்டும் திருப்பிவிட்டால் உள்ளே வந்த எடை வெளியே போகாது, அங்கேயே சுற்றும். அப்போது இ 44.1-க்குப் போய்விடும், செய்தித் தளம் 2.2-க்கு இறங்கிவிடும். படி 5-இல் பார்த்த அதே உறிஞ்சல், லிங்க் பண்ணை என்று சொல்வது இதைத்தான். 0.85 இதைக் குறைக்கிறது, தடுக்கவில்லை. அதனால் தேடுபொறிகள் மேலும் மேலும் பூட்டுப் போட வேண்டி வந்தது.

படி 8: பூட்டுகள்

எல்லாவற்றையும் சொல்ல ஒரு புத்தகம் வேண்டும், முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

டப்பாவை மாற்றிப் பார்த்தது ஒன்று. டப்பாவில் உள்ள 15-ஐ எல்லாருக்கும் கொடுக்காமல், மனிதர்கள் பார்த்து நல்லது என்று தேர்ந்தெடுத்த பக்கங்களுக்கு மட்டும் கொடுத்தால் என்ன என்று 2004-இல் ஸ்டான்ஃபோர்டு, யாஹூ ஆய்வாளர்கள் ட்ரஸ்ட்ரேங்க் என்ற பெயரில் எழுதினார்கள். நம் லிங்க் பண்ணைப் படத்தில் டப்பாவை அ-வுக்கு மட்டும் கொடுத்து ஓட்டினால் இ-யின் 44.1, 26-க்கு இறங்குகிறது. பொம்மைகளுக்கு இலவசமாகக் கிடைத்த கொட்டை நின்றுவிட்டது, ஈ என்ற உண்மையான வலைப்பூ கொடுத்ததுதான் மிச்சம். இதே டப்பாவை விளையாட்டுப் பக்கங்களுக்கு மட்டும், மருத்துவப் பக்கங்களுக்கு மட்டும் என்று துறைவாரியாகக் கொடுக்கும் யோசனையை டாஹர் ஹவேலிவாலா 2002-இல் வெளியிட்டார்.

எந்த அம்பும் சமம் இல்லை என்று வைத்தது இன்னொன்று. கட்டுரையின் நடுவில் உள்ள லிங்க்கை மக்கள் அழுத்துவார்கள், பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் உள்ளதை அழுத்த மாட்டார்கள். அதனால் அழுத்தும் வாய்ப்புக்கேற்பப் பங்கு பிரிக்கும் முறைக்குக் கூகுள் 2004-இல் விண்ணப்பித்து 2010-இல் காப்புரிமை வாங்கியது.

2005 ஜனவரியில் நோஃபாலோ வந்தது: லிங்க் இருக்கட்டும், இதற்கு நான் பொறுப்பில்லை என்று அடையாளம் போடுவது. விக்கிப்பீடியாவின் வெளி லிங்க்குகள் எல்லாம் இந்த வகைதான், ஆகவே எடைக்காக அங்கே போய் உங்கள் தளத்தைச் செருகாதீர்கள். 2019-இலிருந்து கூகுள் இதைக் கண்டிப்பான கட்டளையாக எடுக்காமல் ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்கிறது. 2012 ஏப்ரல் 24 அன்று கூகுள் தன் கணக்கில் செய்த பெங்குயின் என்ற மாற்றம் லிங்க் பண்ணைகளின் மேல் விழுந்த பெரிய அடி. அது 2016-இல் கூகுளின் அடிப்படைக் கணக்கோடு சேர்ந்து எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும்படி ஆகிவிட்டது.

பேஜ்ரேங்க் மட்டுமே வழி என்றும் நினைக்காதீர்கள். 1996-லேயே ராபின் லீ, ரேங்க்டெக்ஸ் என்ற பெயரில் லிங்க்கை வைத்துத் தரம் பிரித்தார், பின்னாளில் சீனாவில் பைடு தேடுபொறியைத் தொடங்கியவர் அவர்தான். கணினி அறிவியலாளர் ஜான் கிளைன்பெர்க் பக்கங்களை இரண்டு விதமாகப் பார்த்தார்: விஷயம் உள்ள பக்கம் ஒன்று, நல்ல பக்கங்களுக்கு வழிகாட்டும் பக்கம் இன்னொன்று, இரண்டும் ஒன்றையொன்று உயர்த்தும். சென்னை ஐஐடியில் படித்த கிருஷ்ண பரத்தும் ஜார்ஜ் மிஹைலாவும் ஹில்டாப் என்ற முறையில், ஒரு துறையைப் பற்றி எழுதும், ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத நிபுணர் பக்கங்களின் லிங்க்கை மட்டும் எண்ணலாம் என்றார்கள். அதே கிருஷ்ண பரத்தான் பிறகு கூகுள் நியூஸை உருவாக்கினார்.

படி 9: உங்கள் தளத்தில் பாருங்கள்

முதலில் ஒரு எச்சரிக்கை. 2000-ஆவது ஆண்டிலிருந்து, உலாவியில் சேர்த்துக்கொள்ளும் கூகுள் டூல்பாரில் ஒவ்வொரு பக்கத்துக்கும் 0 முதல் 10 வரை ஒரு பேஜ்ரேங்க் எண் தெரிந்தது. அதை வைத்துத்தான் லிங்க் வியாபாரமே நடந்தது. 2013-க்குப் பிறகு அதைப் புதுப்பிக்கவில்லை, 2016-இல் எடுத்தே விட்டார்கள். கணக்கு உள்ளே இன்னும் ஓடுகிறது, எண் மட்டும் வெளியே தெரியாது. இன்று "உங்கள் தளத்தின் அத்தாரிட்டி 34" என்று யாராவது சொன்னால் அது வேறு நிறுவனங்கள் தாங்களாகப் போட்ட மதிப்பெண், கூகுளின் எண் இல்லை. போட்டியாளரோடு ஒப்பிட உதவும், அவ்வளவுதான்.

தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் கருவியான சர்ச் கன்சோலைத் திறந்து லிங்க்ஸ் அறிக்கைக்குப் போங்கள். எந்தெந்தத் தளங்கள் உங்களுக்கு லிங்க் கொடுக்கின்றன என்ற பட்டியல் இருக்கும், எண்ணிக்கையைப் பார்க்காமல் பெயர்களைப் பாருங்கள். உங்கள் துறையில் மதிப்புள்ள பெயர் எத்தனை? அதன்பின் உள் லிங்க்குகளின், அதாவது உங்கள் தளத்துக்குள்ளேயே ஒரு பக்கம் இன்னொன்றுக்குக் கொடுக்கும் லிங்க்குகளின், பட்டியலைத் திறங்கள். பலரும் இதைத் திறப்பதே இல்லை, ஆனால் முழுக்க நம் கையில் இருப்பது இது ஒன்றுதான்.

நண்பர் ஒருவர் நாட்டு நெல் விதைகளுக்காக ஒரு தளம் நடத்துகிறார். அதில் மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, கிச்சிலிச் சம்பா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். அவருக்கு மிக முக்கியமான பக்கம் "விதை எங்கே கிடைக்கும்" என்பது. பட்டியலைப் பார்த்தால் அந்தத் தளத்தில் அதிக உள் லிங்க் வாங்கிய பக்கங்களில் ஒன்று தனியுரிமைக் கொள்கை, ஏனென்றால் எல்லாப் பக்கத்தின் அடியிலும் அது இருக்கிறது. விதைப் பக்கத்துக்கு வந்ததோ ஒரே ஒரு லிங்க், அதுவும் மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு கட்டுரையின் கடைசி வரியில். கிட்டத்தட்ட நம் படத்து உ-வின் நிலைமைதான். முகப்பிலிருந்து ஒன்று, ஒவ்வொரு நெல் வகைப் பக்கத்தின் நடுவிலும் ஒன்று என்று லிங்க் வைத்தோம். முகப்புக்குத்தான் வெளியிலிருந்து வரும் எடையில் பெரும்பங்கு சேரும், அதனால் முகப்பிலிருந்து ஒரே சொடுக்கில் போக முடிகிற பக்கம் ஐந்து சொடுக்குக்கு அப்பால் உள்ளதைவிடப் பலமாக இருக்கும்.

லிங்க் வைக்கும் சொல்லையும் கவனியுங்கள். "இங்கே அழுத்தவும்" என்று வைத்தால் எடை போகும், விஷயம் போகாது. "மாப்பிள்ளைச் சம்பா விதை கிடைக்கும் இடங்கள்" என்று வையுங்கள். லிங்க்கில் உள்ள சொற்களை அது காட்டும் பக்கத்தின் கணக்கில் சேர்ப்பது 1998 கட்டுரையிலேயே இருக்கிறது. இதன் பலம் தெரிய வேண்டுமானால், 2003-இல் பலர் கூடி, படுதோல்வி என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொற்களில் அமெரிக்க அதிபர் புஷ்ஷின் வெள்ளை மாளிகைப் பக்கத்துக்கு லிங்க் கொடுத்து, அந்தச் சொற்களைத் தேடினால் அந்தப் பக்கமே முதலில் வரும்படி செய்ததை நினைத்துப் பாருங்கள். அந்தப் பக்கத்தில் அந்தச் சொற்களே கிடையாது. கூகுள் இதைச் சரிசெய்தது 2007-இல்.

படி 10: வெளி லிங்க்குக்குப் பயப்படாதீர்கள், செத்த முகவரியைத் தேடுங்கள்

எடை ஒழுகிவிடும் என்று பயந்து வெளியே ஒரு லிங்க்கும் கொடுக்காமல் இருப்பவர்கள் உண்டு. சிலர் வெளி லிங்க்குகளுக்கெல்லாம் நோஃபாலோ போட்டு, மிச்சமானதை உள்ளே திருப்பப் பார்ப்பார்கள். அது நடக்காது என்று 2009-லேயே கூகுள் சொல்லிவிட்டது. பத்து லிங்க்கில் ஐந்துக்கு நோஃபாலோ போட்டாலும் மற்ற ஐந்துக்கும் ஆளுக்குப் பத்தில் ஒரு பங்குதான், மிச்சம் கரைந்துபோகும். படிப்பவருக்கு உதவும் என்றால் தயங்காமல் கொடுங்கள்.

உண்மையான ஒழுகல் வேறு இடத்தில் இருக்கிறது. தளத்தை மாற்றியமைக்கும்போது பழைய முகவரிகள் செத்துப்போகும், ஆனால் வெளியே உள்ளவர்கள் கொடுத்த லிங்க் அந்தப் பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருக்கும். சர்ச் கன்சோலில் பேஜஸ் அறிக்கையில் 404 (பக்கம் இல்லை) என்று வரும் முகவரிகளை எடுங்கள். ஸ்க்ரீமிங் ஃப்ராக் மாதிரி ஒரு கருவி வைத்திருந்தால் உள்ளே உள்ள உடைந்த லிங்க்குகளும் கிடைக்கும், 500 முகவரி வரை அது இலவசம். எந்தச் செத்த முகவரிக்கு வெளியிலிருந்து நல்ல லிங்க் வருகிறதோ, அதிலிருந்து சரியான புதுப் பக்கத்துக்கு 301 திருப்பம், அதாவது நிரந்தரமாகப் புது முகவரிக்கு அனுப்பும் திருப்பம், போடுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடாதீர்கள், அந்தந்தப் பக்கத்துக்கு நிகரான பக்கத்துக்கே திருப்புங்கள்.

நண்பரின் தளத்தில் அப்படி ஒன்று கிடைத்தது. வேளாண்மை பற்றி நெடுநாளாக எழுதிவரும் ஒருவர் கருப்புக் கவுனி பக்கத்துக்குக் கட்டுரையின் நடுவிலேயே ஒரு லிங்க் கொடுத்திருந்தார். அவர் பக்கத்தில் வெளி லிங்க் மொத்தமே மூன்று. அந்த முகவரி செத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது, யாரும் பார்க்கவில்லை. திருப்பம் போட ஒரே ஒரு வரி, இரண்டு நிமிட வேலை. அன்றைக்கே போட்டுவிட்டு, லிங்க் கொடுத்தவருக்கு நண்பர் ஒரு நன்றிக் கடிதமும் எழுதினார், புது முகவரியோடு.